வயிறு தள்ளிய சுவர்

கொத்தனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆகிறது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. தும்மல் வந்தால்கூட மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தும்மினார். இந்த லட்சணத்தில், அதே மூன்று நாளாக, அவர் தன் கையால் கட்டிய வீட்டின் வடக்குச் சுவருக்கு வயிறு தள்ளிக்கொண்டு வந்தது.

முதலில் பார்த்தது மனைவிதான்.

"இங்க வாங்க. செவுரு முழுகாம இருக்கு."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. முப்பது வருசம் ஊரான் வீட்டையெல்லாம் கட்டினவன் நான். என் செவுரு நூல் பிசகாது."

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் நேராக இறங்காமல், நெஞ்சு உயரத்தில் ஒரு புடைப்பின் மேல் ஏறி இறங்கியது. பானையைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் இருந்தது புடைப்பு. கொத்தனார் நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

அது மண்மூட்டை வீடு. சாக்கில் மண்ணை நிரப்பி, வாயைத் தைத்து, வட்டமாக அடுக்கி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே மண் பூசியது. செங்கல் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் கூரையிலிருந்து, விளக்கு வெயிலிலிருந்து, காய் கொல்லையிலிருந்து, பால் வெள்ளாட்டிடமிருந்து.

ஆடு மட்டும் அபராதமாக வந்தது. வீடு பாதி எழும்பியிருந்தபோது, மனைவி விதைக்கு மணலில் போட்டுக் கட்டிவைத்திருந்த கிழங்கு மூட்டை காணாமல் போயிற்று. மேட்டில் ஆடு மேய்ப்பவரைத் தவிர அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. கொத்தனார் போய்ச் சத்தம் போட்ட சத்தத்தில், "நான் எடுக்கல. ஆனா உம்ம வாயில விழுறதுக்கு ஒரு ஆடு போனாப் போகுது" என்று சினை ஆட்டைக் கட்டிவிட்டுப் போனார் ஆட்டுக்காரர். அதோடு பேச்சு நின்றது. ஆடு இரண்டு குட்டி போட்டது.

இப்போது பிரச்சினை சுவர். வியாழக்கிழமை காலை அதிகாரி வருகிறார். 'குடியிருக்கத் தகுந்தது' என்று அவர் கையெழுத்துப் போட்டால் வீடு. இல்லாவிட்டால் இடித்துத் தள்ள வேண்டிய மண்மேடு. வாடகை அறையின் சாவியை வேறு திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

"சுரண்டிட்டு ஈரமண்ணு பூசினா சரியாப் போயிடும்" என்றார் கொத்தனார்.

செவ்வாய்க்கிழமை நான்கு வாளித் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார். புதன்கிழமை பார்த்தால் பானை அண்டாவாகியிருந்தது.

"தண்ணி குடிச்சுத் தெம்பா இருக்கு" என்றாள் மனைவி.

"முட்டுக் கொடுத்தா அடங்கிடும்."

நீளமான கழி ஒன்றைப் புடைப்பில் வைத்து, மறுமுனையை எதிரே இருந்த கதவு நிலையில் கொடுத்து, ஆப்பு வைத்து அடித்தார். புடைப்பு அரை விரல் உள்ளே போனது. நிலை ஒரு விரல் நகர்ந்து, கதவு அசையாமல் இறுகிக்கொண்டது.

"கழிய எடுத்துடுங்களேன்."

"எடுத்தா செவுரு மேல விழுந்துட்டா?"

"எடுக்கலைன்னா வெளிய எப்படிப் போறது?"

கொத்தனார் ஜன்னலைப் பார்த்தார். மனைவி அவர் இடுப்பைப் பார்த்தாள். அன்று முழுக்க அவரை மூட்டை ஏற்றுவதுபோல் ஜன்னலில் ஏற்றி வெளியே தள்ளுவதும், மறுபடி உள்ளே இழுப்பதுமாக அவளுக்குப் பொழுது போனது.

வியாழக்கிழமை வந்த அதிகாரி பருத்த மனிதர். கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்.

"கதவு திறக்கலையே?"

"இந்த மாதிரி வீட்டுல ஜன்னல் வழியாத்தான் சார் வரணும். காத்தோட்டத்துக்கு" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார் கொத்தனார்.

அதிகாரி என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலில் ஏறினார். உள்ளே குதித்த வேகத்தில் கழியில் மண்டையை இடித்துக்கொண்டார்.

"இது என்னய்யா?"

"துணி காயப்போடுற கொடி, சார்" என்று மனைவி ஈரப் புடவையை அதன்மேல் வீசினாள். புடவையின் ஓரம் புடைப்பையும் மறைத்துக்கொண்டது. அவள் கொடுத்த டீயை வாங்கி உறிஞ்சினார் அதிகாரி.

"பால் நல்லா இருக்கே?"

கொத்தனாருக்கு அந்த வலியிலும் நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம ஆடு சார். இந்த வீட்டுல எல்லாமே எங்க ரெண்டு பேர் உழைப்பு. யாருக்கும் ஒரு பிடி மண்ணு கடன் கிடையாது."

"நல்லது" என்று அதிகாரி டம்ளரை நீட்டியபடி ஓய்வாகக் கழிமேல் முழங்கையை ஊன்றினார். ஆப்பு தெறித்தது. கழி விழுந்தது. புடவை விழுந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது. பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து அதிகாரியின் காலடியில் விழுந்தது.

சுவர் விழவில்லை. ஆனால் புடைப்பு முழுசாகத் தெரிந்தது.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெளிப்பக்கம் பார்க்கணும்" என்றார் அதிகாரி.

மூவரும் சுற்றிக்கொண்டு போனார்கள். வடக்குச் சுவரை ஒட்டி ஆட்டுக்காரர் நின்றிருந்தார். அவருடைய கிடா ஒன்று பின்னங்காலில் எழும்பி, சுவர் வெடிப்பிலிருந்து தொங்கிய பச்சைக் கொடியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"என் செவுத்துல உன் ஆட்டுக்கு என்னய்யா வேலை?" என்று பாய்ந்தார் கொத்தனார். பாதியில் இடுப்பு பிடித்து அப்படியே நின்றார்.

"இது தழையத்தான் தின்னுது. உம்ம செவுரு ஏன் தழை விடுதுன்னு அதைக் கேளும்."

அதிகாரி கொடியைப் பிடித்துக்கொண்டு, ஜீப் சாவியால் வெடிப்பைச் சுரண்டினார். சாக்கு கிழிந்தது. மணல் கொட்டியது. அதன் பின்னால் தொடை பருமனில் ஒரு கிழங்கு எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கொத்தனார் வானத்தைப் பார்த்தார்.

அதிகாரி சுவரில் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். அசையவில்லை. மேலே எட்டு வரிசை மூட்டை உட்கார்ந்தும், உள்ளே கிழங்கு பருத்தும் சாயாத சுவர்.

"செவுத்துல ஒரு குத்தமும் இல்லய்யா. ஒரு மூட்டை முளைச்சிருக்கு, அவ்வளவுதான். அதை எடுத்துட்டு மண்ணைத் திணிச்சு அடைச்சிடு" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, கொத்தனாரின் முதுகிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அழுத்தத்தில் எங்கோ 'மளுக்' என்றது. கொத்தனார் நிமிர்ந்தார். குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார். வலி போன இடம் தெரியவில்லை. "வீடு நின்னுடுச்சுடி!" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

ஆட்டுக்காரர் அதுவரை பொறுமையாக நின்றார். கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்து, மணலைத் தட்டிவிட்டு, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"கையெழுத்து ஆயிடுச்சுல்ல? நான் திருடின மூட்டையும் கிடைச்சிடுச்சு. இனி என் பாக்கி, கொத்தனாரே: ஆடு ஒண்ணு, குட்டி ரெண்டு."