டப்பாவில் போட்ட வேகம்

"முப்பத்தேழு நிமிஷமாம்" என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்க உட்கார்ந்தாள். கணினித் திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மணி பத்து. அவளுக்கு எதிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

குறை தெரிந்தது கணவருக்குத்தான். பச்சைக் கோட்டுக்குக் கீழே, நொடிக்கு 29 எம்.பி. என்று காட்டியது. கார்டு ரீடர் வந்த டப்பாவைத் தேடி எடுத்தார். நொடிக்கு 300 எம்.பி. என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

"நாலு நிமிஷத்துல முடிய வேண்டிய வேலை இது."

"முடியும்போது முடியட்டுமே. ஒரு மணிக்குத்தானே குடுக்கணும்?"

ஒரு பள்ளிக்கூடத்தின் அறுநூற்று நாற்பது பிள்ளைகளை அடையாள அட்டைக்காக அவள் படம் எடுத்திருந்தாள். சொந்தமாகக் கேமரா வாங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை. படங்களைக் கேமராவின் கார்டிலிருந்து ரீடர் வழியாகக் கணினிக்கு மாற்றி, எல்லா முகங்களையும் மென்பொருளால் மொத்தமாக ஒரே அளவில் வெட்டி, அன்று மதியம் ஒரு மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தாமதமானால் அடுத்த வருடம் எதிர்த் தெரு ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் அவளுக்குப் பயம்.

கணவர், அட்டை டப்பா அச்சடிக்கும் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்ப்பவர். அங்கே அவருக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர். 60 வாட் பல்பின் டப்பாவில் 6 வாட் என்று விழுந்திருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்து ஐம்பதாயிரம் டப்பாக்களைக் காப்பாற்றியவர். அன்றிலிருந்து, அவருடைய சுருக்கொப்பம் இருந்தால் போதும், கம்பெனிக்காரர்கள் படித்துப் பார்க்காமலே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த ரீடர் டப்பாவும் அவர் கையால் தேறிப் போனதுதான். அச்சு நன்றாக வந்த சந்தோஷத்தில் கம்பெனி அனுப்பிய மாதிரிகளில் ஒன்றைப் போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த கையோடு மனைவியின் பழைய ரீடரைக் குப்பையில் போட்டார்.

"டப்பாவுல தப்பு இருக்காது. நான் பார்த்த டப்பா. அப்ப தப்பு கம்ப்யூட்டர்ல" என்றார் சிவப்புப் பேனா.

பதினான்கு சதவீதம் வந்திருந்த வேலையை நிறுத்தினார். மனைவி மடித்த சட்டையை மறுபடி மடித்தாள்.

கணினியின் முன்பக்கத்தில் ரீடரைச் செருகியிருந்த துளை பழசு, பின்பக்கத்தில் செருகினால் பறக்கும் என்பது அவர் கணக்கு. மேசையை இழுத்தார். மேசை வந்தது, மேலே இருந்த பேனாக் கிண்ணமும் கூடவே வந்தது. பின்பக்கத் துளைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. ஒரே துளையை நான்காகப் பிரிக்கும் பெட்டி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அதில் பிரிண்டரையும் மவுஸையும் ரீடரையும் சேர்த்துச் செருகினார்.

18 எம்.பி.

"குறைஞ்சிருக்கே" என்றாள்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். சூடு பிடிக்கட்டும்."

சூடு பிடித்தது ரீடர் மட்டும்தான்.

கணினிக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் பொறுமைசாலி. கார்டு எவ்வளவு வேகத்தில் கொடுக்கிறதோ அதற்கு மேல் ரீடரால் வாங்க முடியாது, ரீடர் வாங்கினாலும் துளை விட வேண்டும், துளை விட்டாலும் பழைய ஹார்டு டிஸ்க் எழுத வேண்டும், எல்லாவற்றுக்கும் நடுவில் வைரஸ் பார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பும் என்றார்.

"டப்பாவுல போடுற வேகம் எல்லாம் வழியில யாருமே இல்லாத ரோட்டுல ஓட்டிப் பார்த்தது சார். 'வரை'ன்னு ஒரு வார்த்தை கீழ சின்னதா இருக்கும் பாருங்க."

"தெரியும். அதை ஒரு அளவு பெருசாப் போடச் சொன்னவனே நான்தான்."

கடைக்காரர் சொன்னதில் அவருக்குப் பிடித்த காரணம் ஒன்றுதான். வைரஸ் மென்பொருளை நிறுத்தப் போனார். அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று நிறுத்துவதற்கு, அவர் அழுத்தியது மற்றது. கணினி முழுவதையும் மூலை முடுக்கு விடாமல் சோதிக்கப்போவதாக அது நன்றி சொல்லி வேலையைத் தொடங்கியது.

6 எம்.பி.

மனைவி துணியைக் கீழே வைத்தாள். மணி பத்தே முக்கால். "ஏங்க, அந்த இருபத்தொன்பதே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். டப்பாவுக்குப் போதாதே."

கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்தார். அணைத்தார், போட்டார். நீலத் திரையில் ஒரு வாசகம் வந்தது. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள்.

அதை அவர் பிழை தேடி இரண்டு முறை படித்தார். ஒன்றும் இல்லை.

புதுப்பித்து முடிக்க அது இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. எனவே சும்மா இருக்கும் நேரத்தில் உருப்படியாக ஒரு கடிதம் எழுதுவோம் என்று இரண்டு தாளுக்கு நடுவில் கார்பனை வைத்தார். இவ்வளவு பிழையில்லாமல் எழுதுகிற கம்ப்யூட்டர் மேல் தப்பு இல்லை என்று அவருக்கு இப்போது உறுதியாகிவிட்டது. டப்பாவில் அச்சானதிலும் தப்பு இல்லை. அப்படியானால் கம்பெனி பொய்யான எண்ணைக் கொடுத்திருக்கிறது. அவரும் நம்பி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஐயா என்று தொடங்கி, எண் போட்டு எழுதினார். ஒன்று, தங்கள் டப்பாவில் 300 என்று உள்ளது. இரண்டு, தங்கள் ரீடர் 29க்கு மேல் ஓடவில்லை. மூன்று, நம்பி வாங்கும் மக்களை இது ஏமாற்றுவதாகும். நான்கு, இந்த எண்ணை டப்பாவில் போடச் சொன்னவர் யாராக இருந்தாலும், எத்தனை வருட அனுபவம் உடையவராக இருந்தாலும், தயவு தாட்சண்யம் பார்க்காமல் வேலையை விட்டு நீக்க வேண்டும். 'யாராக இருந்தாலும்' என்பதன் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு இன்னொரு கோடு.

"கம்பெனிக்காரன் கைப்பட எழுதிக் குடுத்த தாள் நம்ம அச்சகத்துல இருக்கும். அதைக் கையில எடுத்துட்டா அப்புறம் அவன் வாயே திறக்க முடியாது. போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டினார்.

"போங்க. நிதானமாத் தேடுங்க" என்றாள் மனைவி. வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் ரீடரைப் பழைய முன்பக்கத் துளையில் செருகியிருந்தாள். மணி பதினொன்றேகால்.

கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து உறுதி செய்துகொண்டு பஸ் ஏறினார். அச்சகத்தில் அன்று மிஷின்காரர்களுக்கு மட்டும் அரை நாள் வேலை. முதலாளி அறை பூட்டியிருந்தது. அவருக்கும் தெரியட்டும் என்று கார்பன் நகலைக் கதவின் அடியில் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயே போய்விட்டது.

பழைய தாள்கள் எல்லாம் அச்சுக்கான உலோகப் பிளேட் போடுபவரின் பொறுப்பு. அவர் பிளேட்டை மிஷினில் ஏற்றிக்கொண்டிருந்ததால், பன்னிரண்டரை வரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்த நேரத்தில் சிவப்புப் பேனா கடிதத்தின் நான்காவது எண்ணை அவருக்கு மனப்பாடமாகச் சொன்னார்.

"சரியா எழுதியிருக்கீங்க. பாவம் பார்க்கக் கூடாது சார்" என்று பிளேட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். கட்டுகளை டப்பாவின் நீள அகலப்படி அடுக்கிவைத்திருந்தார்கள். அந்த முறையைக் கொண்டுவந்ததே சிவப்புப் பேனாதான். ரீடர் டப்பாவின் நீள அகலம் அவருக்கே நினைவில்லாததால் ஒவ்வொரு கட்டாக அவிழ்க்க வேண்டியிருந்தது.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவியின் போன் வந்தது.

"குடுத்தாச்சு. பள்ளிக்கூடத்துல இருந்துதான் பேசறேன். அடுத்த வருஷமும் நீயே எடும்மான்னு சொல்லிட்டாங்க."

"எப்படி முடிஞ்சுது? வேகம் கூடிடுச்சா?"

"இல்ல. அதே இருபத்தொன்பது. நீங்க இல்ல, அவ்வளவுதான்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டபோது பிளேட்காரர் ஒரு கட்டிலிருந்து தாளை உருவினார். கம்பெனியின் முத்திரை, மேலாளரின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளி அறைக் கதவைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு? சத்தமா படிங்க" என்றார் சிவப்புப் பேனா.

"கம்பெனிக்காரங்க முப்பதுன்னுதான் சார் குடுத்திருக்காங்க. அதுக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு சைபரைச் சேர்த்து, 'விட்டுப்போயிற்று'ன்னு எழுதி, கீழ சுருக்கொப்பம் போட்டிருக்கிறது நீங்க."