பிரேக் சார் வைத்த டெஸ்ட்

"இந்த வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும், அடுத்த மாசத்துல இருந்து நீ வேற எங்கயாவது போய் குட்மார்னிங் சொல்லிக்க வேண்டியதுதான்!"

போனில் முதலாளி இப்படிச் சொன்னதும் பிரேக் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முதலாளி எதிரே இல்லைதான். இருந்தாலும் அந்தக் குரலுக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்லும் தைரியம் அவருக்கு இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை.

"சரிங்க முதலாளி."

"பத்து மணிக்கு வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் வர்றாங்க. புது வெள்ளை வண்டியைக் கேட்டிருக்காங்க. டெஸ்ட் இருக்குன்னு போன்லயே சொல்லிட்டேன். லைசன்ஸ், காகிதமெல்லாம் யாரு வேணா காட்டலாம். நீ கையைப் பாரு, காலைப் பாரு. பக்கத்துல உக்காந்து ஊரை ஒரு சுத்து சுத்திட்டு எனக்கு போன் பண்ணு. நான் சங்கத்துக் கூட்டத்துல இருப்பேன்."

"பக்கத்துல... நானா?"

"பின்ன, நானா? இன்னொண்ணு. டிரைவர் வேலைக்கும் ஒரு ஆள் வர்றாங்க. வந்ததும் வண்டி கழுவச் சொல்லு. கழுவுற லட்சணத்தைப் பார்த்தாலே ஓட்டுற லட்சணம் தெரிஞ்சிடும்."

போன் வைக்கப்பட்டது. பிரேக் சார் அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

வாடகைக் கார் ஆபீஸில் வண்டிகளை அனுப்புவதும் வாங்கி வைப்பதும்தான் அவர் வேலை. எந்த வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அதனால் வந்த பெயர் அது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாலும் அழுத்துவார். "டிவியில கார் ஓடினாக்கூட எங்க வீட்டுக்காரர் சோபாவுல பிரேக் போடுறாரு, தரை விரிப்பு ஓட்டையாப் போச்சு" என்று அவர் மனைவி ஆபீஸுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனதில் பெயர் நிலைத்துவிட்டது.

முதலாளியின் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன மாதம் ஒரு வெளிநாட்டுக்காரர் ரவுண்டானாவைத் தலைகீழாகச் சுற்றி, மரச்சாமான் கடைக்குள் புகுந்து, விற்பனைக்கு வைத்திருந்த கட்டிலின் மேல் வண்டியை நிறுத்தினார். அவர் போன கையோடு இன்னொருவர், தன் நாட்டில் எந்தப் பக்கம் போவாரோ அந்தப் பக்கமே இங்கும் போய், எதிரே வந்த பால் வண்டியைக் கட்டித் தழுவினார். அதனால்தான் வாடகைக் கார் உரிமையாளர் சங்கத்தின் இன்றைய கூட்டம். வெளிநாட்டுக்காரர்களுக்கு டெஸ்ட் வைக்காமல் யாரும் வண்டி தரக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருவது முதலாளிதான். டெஸ்ட் வைத்தால் ஒருத்தரும் நம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சங்கத்தில் பாதிப் பேர் பயந்தார்கள். பிரேக் சார் கொடுக்கப் போகும் ரிப்போர்ட்டில்தான் அந்தப் பாதி இந்தப் பக்கம் சாய வேண்டும்.

பத்து மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. உயரமான ஒரு மனிதர். இடது கையால் ஒரு கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, என்ன வேணும்?" என்றார் பிரேக் சார்.

வந்தவர் வாயைத் திறக்கவில்லை. வலது கையால் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார்.

பிரேக் சாருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பாஷை தெரியாத மனுஷன்! தனக்குத் தெரிந்த நாலைந்து வெளிநாட்டு வணக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தார். எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்று ஒரே பதில்தான் வந்தது. கன்னத்துக் கைக்குட்டை மட்டும் இறங்கவில்லை. அது அவர்கள் நாட்டு மரியாதையாக இருக்கும் என்று தோன்ற, பிரேக் சாரும் தன் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வந்தவர் அவரை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டப் போனவரை, "காகிதம்... வேண்டாம். கை... கால்... போதும்!" என்று உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லித் தடுத்தார். அவர் உடனே உள்ளே வைத்துக்கொண்டார். "ரொம்ப கெட்டிக்காரரா இருக்காரே" என்று பிரேக் சார் மனதுக்குள் மெச்சினார். "விமானத்துல வரும்போதே நம்ம பாஷையைப் பாதி பிடிச்சிட்டாரு."

உபசாரமாகக் காபி கொடுத்தார். ஒரு வாய் வைத்த அந்த மனிதர் துள்ளி எழுந்தார். பாதிக் காபி பிரேக் சாரின் சட்டைக்கு மாறியது. பிரேக் சார் பதறிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். வந்தவர் ஐஸ் கட்டியைக் கண்டதும் கண் கலங்கிப்போய் ஒன்றை எடுத்துக் கன்னத்தோரம் அடக்கிக்கொண்டார்.

'குளிர் நாட்டு மனுஷன், பாவம்! ஊர் ஞாபகம்' என்று பிரேக் சார் உருகினார்.

அதற்குள் இன்னொருவர் வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. சாதாரண பருத்தி உடை, முகத்தில் சிரிப்பு.

"வணக்கம் சார். பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. வண்டி ஓட்டுற விஷயமா..."

நம்ம பாஷை, அதுவும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல அத்தனை சுத்தம். டிரைவர் வேலைக்கு வந்த ஆள்தான் என்று பிரேக் சார் நிம்மதியானார்.

"ஒரு டெஸ்ட் இருக்கும்னு போன்ல சொன்னாங்க," என்றார் அந்த அம்மாள்.

"ஆமாம்மா. முதல்ல வண்டியைக் கழுவணும். அந்தா வாளி, அந்தா குழாய்."

"கழுவணுமா? எங்க ஊர்ல இப்படியெல்லாம் கிடையாதே."

"உங்க ஊர்ல என்ன வேணா இருக்கட்டும்மா. இங்க வண்டியை மதிக்கத் தெரிஞ்சவங்க கையிலதான் வண்டியைக் குடுப்போம். எங்க முதலாளியோட கொள்கை."

அந்த அம்மாள் வாளியைப் பார்த்துத் தலையாட்டினார். "கேக்கவே நல்லா இருக்கு சார். எல்லா ஊர்லயும் இப்படி வைக்கணும்," என்று சொல்லி உடையின் கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

'இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா!' என்று வியந்துகொண்டே பிரேக் சார் வெள்ளை வண்டியில் ஏறினார்.

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. தரையில் பதிந்த அவருடைய வலது காலுக்கு வேலையே இல்லாதபடி, பாலில் விரலை விட்டு எடுப்பது போல மெத்தென்று சாலையில் கலந்தது. ரவுண்டானா வந்தபோது பிரேக் சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் ரவுண்டானா பின்னால் இருந்தது. மரச்சாமான் கடைக் கட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது.

இவ்வளவு நன்றாகப் போகிறதே என்ற பதற்றத்தில்தான் அவருக்கு இடமும் வலமும் மாறிப்போயிற்று. பெரிய சாலைக்குக் கை காட்டுவதாக நினைத்து, எதிர்ப்பக்கம் இருந்த கடைத்தெருச் சந்துக்குக் கை காட்டினார். ஒருவழிச் சந்து. அந்த மனிதர் திரும்பி ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா... ஆமா... போங்க!" என்றார் பிரேக் சார்.

போனார்கள். பாதிச் சந்தில், எதிரே சிமெண்ட் மூட்டை லாரி ஒன்று மலை மாதிரி வந்து நின்றது. ஒரு பக்கம் பழக்கூடை அடுக்கு. மறுபக்கம் கண்ணாடிக் கடை. ஆள் உயரக் கண்ணாடிகளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"பின்னாடி... மெதுவா... அய்யோ!" என்று பிரேக் சார் உதவி செய்யப் போய் எதையோ அழுத்தினார். முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதை நிறுத்தப் போய் வேறொன்றை அழுத்தினார். ரேடியோ அலறியது. அந்த மனிதர் மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட்டார். பிரேக் சாரின் கையை மெதுவாக எடுத்து அவர் மடியிலேயே வைத்தார். பிறகு, இடது கை கன்னத்தில் இருக்க, ஒற்றைக் கையால் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

சாய்த்து வைத்திருந்த ஒவ்வொரு கண்ணாடியிலும் தன் முகம் வாயைப் பிளந்துகொண்டு கடந்து போவதைப் பிரேக் சார் பார்த்தார். ஒரு பழம்கூட உருளவில்லை. சந்து முனைக்கு வந்ததும் கடைக்காரர்கள் கை தட்டினார்கள்.

முனையில் போக்குவரத்துப் போலீஸ்கார அம்மா இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார். கூடவே இன்னொரு கஷ்டம்: விலகி நிற்கப் பார்த்த லாரியின் பின்சக்கரம் சாக்கடை ஓரத்தில் இறங்கிக்கொள்ள, தெருவே அடைத்துப்போயிற்று. லாரிக்காரர் இறங்கித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்த நம் மனிதர் யாரையும் கேட்கவில்லை. காரை ஓரம் கட்டினார், நடந்து போய் லாரியில் ஏறினார்.

"யாருங்க அவரு?" என்றார் போலீஸ்கார அம்மா.

பிரேக் சார் முந்திக்கொண்டார். "மேடம், வெளிநாட்டுக்காரரு. ஒருவழின்னு அவருக்குத் தெரியாது. நான்தான் டெஸ்டுக்காக..."

"வெளிநாட்டுக்காரரா! இந்த முனையில நான் எத்தனையோ வருஷமா நிக்கிறேன். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அந்தச் சந்துல ரிவர்ஸ் எடுத்து நான் பார்த்ததில்ல."

"மேடம், அவரு லாரியில ஏறிட்டாரே! அதுக்கு அனுமதி..."

"பேசாம இருங்க சார். பாருங்க."

லாரி ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் அசைந்தது. பிறகு, பல்லிடுக்கில் சிக்கிய நாரை உருவுவது போலச் சந்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. போலீஸ்கார அம்மா, அபராதம் போட வந்ததையே மறந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இறங்கி வந்தவர் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, லாரிக்காரரின் தோளில் தட்டிக் கொடுத்தார். 'வித்தையும் இருக்கு, கர்வமும் இல்ல' என்று பிரேக் சார் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போட்டார்.

"முதலாளி, தீர்மானத்தை நிறுத்துங்க!"

"ஏன்? வண்டி போச்சா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல. இந்த வெளிநாட்டுக்காரருக்கு நாம டெஸ்ட் வைக்கிறதா? அவருதான் நமக்கு வைக்கணும். ஒத்தைக் கையில ஓட்டுறாரு முதலாளி! போலீஸே சல்யூட் அடிக்குது!"

பிரேக் சார் இப்படிக் குரல் உயர்த்தி முதலாளி கேட்டதே இல்லை. அதனாலேயே நம்பிவிட்டார். நம்பியதோடு விடாமல், கூட்டத்தில் அதைக் கொஞ்சம் பெரிதாக்கியும் சொன்னார். 'வெளிநாட்டுக்காரர்களுக்கு டெஸ்ட் தேவையே இல்லை. உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுக்கும்போதுதான் கடுமையான டெஸ்ட் வைக்க வேண்டும்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வெள்ளை வண்டி ஆபீஸ் வாசலில் திரும்பும்போது சங்கமே அங்கே காத்திருந்தது. முதலாளி கையில் பூங்கொத்து. பக்கத்தில் பத்திரிகைப் போட்டோக்காரர். பின்னால், இருக்கும் வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

நம் மனிதர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே வளைப்பில் வண்டியை நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து பிரேக் சாருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"இவர்தான்!" என்றார் பிரேக் சார். தன் மகனை அறிமுகப்படுத்துவது போல அவர் குரல் தழுதழுத்தது.

"தூர தேசத்து விருந்தாளியே!" என்று முதலாளி ஆரம்பித்தார். அந்த மனிதர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். "உங்களை மாதிரி ஆட்களைச் சந்தேகப்பட்டதுக்கு எங்க சங்கம் வெட்கப்படுது. இந்தாங்க, சாவி. எத்தனை நாள் வேணாலும் வச்சுக்குங்க!"

சாவியைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கைக்குட்டையைக் கன்னத்திலிருந்து எடுத்து, வண்டிக் கதவில் படிந்திருந்த ஒரு விரல் ரேகையைத் துடைத்தார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதலாளி ஏறுவதற்காக விறைப்பாக நின்றார்.

"என்ன பணிவு! என்ன பண்பு! இந்தக் குணம் நம்ம ஊர்ல யாருக்காவது வருமா?" என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோ பளிச்சிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரேக் சார்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கைதட்டல் அடங்கியபோது, வண்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாள் முழங்கைவரை சோப்பு நுரையோடு வாளியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரேக் சாரிடம் வந்தார்.

"எல்லா வண்டியும் கழுவிட்டேன் சார். வெளிநாட்டுக்காரங்களுக்கு நீங்க வைக்கிற டெஸ்ட் இவ்வளவுதானா, இல்ல நான் ஓட்டியும் காட்டணுமா?"