கூரையேற இரண்டு வாளி

வெண்பாறை நாட்டில் அரண்மனை கிடையாது. ஆள ஆசைப்படுகிறவர் அரியநாச்சியின் வீட்டு முன்கட்டில் வாடகைக்குக் குடியிருந்துதான் ஆளவேண்டும். அரியநாச்சி குவாரியில் கல் சுமந்தவள். வேலை முடிந்து திரும்பும்போது ஆளுக்கொரு கல்லாகக் கொண்டுவந்து, அவளும் புருஷனும் பன்னிரண்டு வருஷத்தில் எழுப்பிய வீடு அது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பின்கட்டில் அவள் இருந்தாள். முன்கட்டில் அரசாங்கம் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சாவி நாள் வரும். அன்று காலை குடியிருப்பவர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலில் இறங்கி நிற்பார். அவள் மறுபடி யாரிடம் அதைக் கொடுக்கிறாளோ, அவருக்கு நாடு.

போன சாவி நாளில் குடிவந்தவர் மாண்புமிகு கோதண்டவேல். தம் கொடி அண்டை நாட்டுக்கும் தெரியவேண்டும் என்று கூரையில் கம்பம் நட்டார். தம் தலைக்கு மேலே குடைய மனமில்லாமல் பின்கட்டுக் கூரையைக் குடைந்தார். முதல் மழையிலேயே ஒழுகியது.

"ஐயா, கம்பத்தடியில வெடிச்சிருக்கு. நான் ஏறிச் சுண்ணாம்பு பூசிக்கிடுதேன்."

"கொடி பறக்கும் இடம் புனிதமானது அம்மா. அதில் கால் வைக்கலாமா?"

மறுநாள் ஆணை வந்தது. குடியிருப்பவரின் அனுமதியின்றி வீட்டுக்காரர் கூரையேறக் கூடாது. ஆணையோடு வந்தவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் மனு எழுதிப் போட்டாள். வெயில் கொளுத்தும் மாதத்தில் செயலர் பரமகுரு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"சொட்டவில்லையே."

"மழையில வந்து பாருங்கய்யா."

"மழையில் வந்தால் நாங்கள் நனைந்துவிடுவோமே" என்றார் பரமகுரு, மிகுந்த வருத்தத்துடன்.

மனு தள்ளுபடியானது. அடுத்த ஆணைப்படி ஒழுகலை ஒழுகல் என்று சொல்வது குற்றம். உள்மழை என்று சொல்லவேண்டும். 'உள்மழை பெற்ற முதல் இல்லம்' என்று ஒரு பலகையைப் பின்கட்டுச் சுவரில் அறைந்துவிட்டுப் போனார்கள். ஆணி இறங்கிய இடத்தில் சுவரும் கசியத் தொடங்கியது.

ஐப்பசியில் மகள் மாசிலா பிரசவத்துக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டில் கட்டுமளவுக்குக்கூடக் காய்ந்த இடமில்லை.

அந்த மாதமே சாவி நாளும் வந்தது. கோதண்டவேல் சாவியைக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷத்தில் முதன்முறையாகப் பின்வாசலுக்கு வந்தார். கையில் தம் முகம் அச்சிட்ட வாளி.

"உள்மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா."

பின்னாலேயே எதிராளி வல்லாளன் வந்தார். அவர் கையிலும் வாளி.

"அவர் வாளியில் கொசு இறங்கும் தாயே. என்னுடையதில் மூடி இருக்கிறது."

"மூடியிருந்தா தண்ணி எப்பிடிய்யா உள்ள விழும்?"

"அதை ஆராய நல்ல குழு அமைப்போம்."

அரியநாச்சி இரண்டு வாளியையும் வாங்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டாள். இருவரும் கைகூப்பினார்கள்.

"எம்மா" என்றாள் மாசிலா. "இந்த நிமிசம் முன்கட்டுல யாரு குடியிருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப கூரையேற யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

அரியநாச்சி மகளையே பார்த்தாள். பிறகு மூடி வாளியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மூடியின்மேல் மற்றதைக் கவிழ்த்தாள். கோதண்டவேல் தலைகீழாகச் சிரித்தார். அவர்மேல் கால் வைத்து, தணிந்த கூரையின் விளிம்பைப் பிடித்து, கல் சுமந்த உடம்பை ஒரே எக்கில் மேலே ஏற்றினாள். மாசிலா சுண்ணாம்புச் சட்டியை நீட்டினாள்.

"அம்மா, சாவி?" என்றார்கள் இருவரும் கீழேயிருந்து.

"இருக்கு. பூச்சு காயட்டும்."

"எப்போது காயும்?"

"இது மழைக்காலம்லா. மெதுவாத்தான் காயும்." கம்பத்தை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினாள். "சும்மா நிக்காதிய. ஆளுக்கொரு நுனியப் பிடிங்க, கீழ இறக்குதேன்."

இருவரும் பிடித்தார்கள்.