புள்ளியர் படித்த டி.டி.

ஊர்காவற்றுறையில் புயலுக்குப் பயப்படாதவர்கள் உண்டு, பாம்புக்குப் பயப்படாதவர்களும் உண்டு. ஆனால் இங்கிலீஸ் எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியைக் கண்டாலே வேர்த்துக் கொட்டுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் புள்ளியர்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். சுருக்கி எழுதிய எழுத்து எதைக் கொடுத்தாலும் விரித்துச் சொல்லுவார். விரிந்து வருவது எப்போதும் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சண்டைக் காலத்தில் எங்களைத் துரத்தியவர்களும், காப்பாற்ற வந்தோம் என்றவர்களும் இரண்டு மூன்று இங்கிலீஸ் எழுத்தும் புள்ளியுமான பெயர்களோடுதானே வந்தார்கள்! மற்றவர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சமாவது இறங்கியது. அவருக்கு இறங்கவே இல்லை.

ஒருமுறை வள்ளம் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டியார் ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரே படத்துக்குக் கீழே டொக்டர் ‘என்.ஏ.டி.’ என்று எழுதியிருந்தார்.

“நத்திங் ஆஃப்டர் டிசெம்பர். மார்கழிக்குப் பிறகு ஒண்டுமில்லை, அண்ணை” என்று புள்ளியர் கண்கலங்கினார்.

சம்மாட்டியார் வள்ளத்தை மருமகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மார்கழி முழுக்கக் கட்டிலில் கிடந்தார். தை பிறந்தும் சாகவில்லையே என்று டொக்டரிடம் போனால், “நோ அப்நோர்மாலிட்டி டிடெக்டட், உமக்கு ஒரு நோயும் இல்லை எண்டெல்லோ எழுதினனான்!” என்றாராம். மருமகன் வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் என் மாமி, அதாவது மனைவியின் தாய், கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். உலகப்போர் நாளில் மாமியின் அப்பா திருகோணமலைக்குப் போய் வெள்ளைக்காரனின் கடற்படையில் சேர்ந்தவர். மாமி அப்போது ஏணையில் கிடந்த கைப்பிள்ளை. மனுசன் திரும்பி வரவில்லை. பம்பாயில் கப்பலால் இறங்கி ஓடி வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் கதைத்தது. ஓடினவனுக்கு என்ன ஆத்துமப் பூசை என்று மாமியின் தாயும் கடைசிவரை ஒரு பூசை கொடுக்கவில்லை. இப்போது லண்டனில் இருக்கும் மச்சான், மாமியின் மகன், அவருடைய கடற்படைச் சேவைப் பதிவின் பிரதியை எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, நான் அதைத் தாளில் அச்சடித்து வைத்திருந்தேன்.

“அப்பா செத்தவரோ, எங்களை விட்டிட்டு ஓடினவரோ? அதை மட்டும் சொல்லும் தம்பி” என்றார் எண்பது தாண்டிய மாமி.

புள்ளியர் கண்ணாடியைத் துடைத்தார். தாளில் வருசா வருசம் ‘வி.ஜி.’ என்று இருந்தது. கடைசி வரியில் ‘டி.டி.’

“வி.ஜி. எண்டால்… வெரி கில்டி. ஒவ்வொரு வருசமும் குற்றவாளி, அக்கா.”

“என்ர ஆண்டவரே! மற்றது?”

“டெசேர்ட்டட் டியூட்டி.” அவர் தாளை மடித்தார். “வேலையை விட்டிட்டு ஓடியிட்டார்.”

மாமி எழும்பி அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. நான் பங்குப் பாதரிடம் ஓடினேன். டி.டி. என்றால் வேதசாஸ்திரப் பட்டம், மேற்றிராணிமாருக்கு, அதாவது பிஷப்மாருக்குக் கொடுக்கிறது என்றார் அவர். அதை வந்து சொன்னேன்.

“அப்ப கப்பலால இறங்கி ஓடி மேற்றிராணியாராவோ போனவர்?” என்று மாமி அழுதார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை புள்ளியர் வாசலில் நின்றார். முகம் வீங்கியிருந்தது.

“தம்பி, நான் சொன்னது பிழையெண்டால்? நேவிக்காரரிட்டைத்தான் கேக்கவேணும். என்னை ஏத்திக்கொண்டு போம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டைக் காலத்திலிருந்து நேவி முகாம் இருக்கும் தெருவால் போகாமல் ஊரைச் சுற்றிப் போகிறவர் அவர். கேற்றுக்குக் கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிளால் இறங்கினார்.

“நீர் இஞ்சை நில்லும். நான் வராட்டில் வீட்டை சொல்லும்.”

ஒருவரும் கேட்காமலே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு கையில் அந்தத் தாளோடு நடந்தார். காவலுக்கு நின்ற பெடியன்தான் பயந்து இரண்டடி பின்னால் போனான். கேற்றுக்குள் போய்த் திரும்பாதவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பார்த்துக்கொண்டு நின்றேன், மனுசன் வரவில்லை. மாதாவே, இதென்ன சோதனை என்று செபமாலையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிய நேரம், சட்டை வேர்வையில் தெப்பமாக நனைந்தபடி வெளியே வந்தார். உள்ளே ஒரு பெரிய அதிகாரி கதிரையில் இருத்தி, தேத்தண்ணீரும் கொடுத்து விளங்கப்படுத்தினாராம். அவர்களுடைய பழைய பதிவுகளிலும் அப்படித்தான் எழுதுவார்களாம். என்ன விளக்கம் என்று கேட்டேன். “அக்காவுக்குத்தான் முதல் சொல்லுவன்” என்று விட்டார்.

எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நிற்க முன்னரே குதித்து ஓடினார்.

“அக்கா! உங்கட அப்பா செத்திட்டார்! ஓடேல்லை அக்கா, செத்திட்டார்!”

செத்தவீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சத்தியமாவோ தம்பி?”

“சத்தியமா. டிஸ்சார்ஜ்ட் டெட். வேலையில இருக்கேக்கை செத்தவருக்குத்தான் அப்பிடி எழுதுறது. வி.ஜி. எண்டது வெரி குட், அக்கா. ஒவ்வொரு வருசமும் வெரி குட்.”

“என்ர அப்பா எங்களை விட்டிட்டுப் போகேல்லை” என்று மாமி சிலுவை போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாளைக்கே பூசைக்குச் சொல்லு என்று அந்த அழுகைக்குள்ளேயே எனக்குக் கட்டளை வந்தது.

பிறகு புள்ளியரை வீட்டில் விடப் போனேன். நேவி முகாம் இருக்கும் தெரு வந்ததும், “சுத்திப் போம் தம்பி” என்றார். அந்த மனுசன்மேல் எனக்கு அப்படியொரு பாசம் வந்தது. மோட்டார் சைக்கிளை மெல்லவே ஓட்டினேன்.