அறுபத்திரண்டரை மில்லி

சீட்டில் இரண்டரை மில்லிகிராம் என்றிருந்தது. புட்டியின் மேல், ஐந்து மில்லிக்கு இரண்டு மில்லிகிராம் என்றிருந்தது. எடைமேடைக்காரருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முப்பது வருடம் லாரிகளை எடை போட்டவர். கிலோவுக்குக் கீழே இருந்ததையெல்லாம் தூசி என்று ஊதித் தள்ளியவர். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அந்தத் தூசிதான் அவர் தலையில் விடிந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் காலையில் வலி மருந்துக்கு ஒரு சீட்டு எழுதி வைப்பாள். அளவு தினமும் மாறும். அது எத்தனை மில்லி என்று அவர் கணக்குப் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, மனைவியின் வாயில் விட வேண்டும்.

அன்று மூன்று முறை போட்டார். மூன்று விடை வந்தது.

பக்கத்து வீட்டில் கெமிஸ்ட்ரி படிக்கும் பெண்ணிடம் போனார். தசமப் புள்ளிதான் குழப்புகிறது, ஆயிரத்தால் பெருக்கி மைக்ரோகிராம் ஆக்கிவிட்டால் புள்ளியே இருக்காது என்றாள். சீட்டில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆனது. புட்டியில் இருந்ததை வீட்டுக்கு வந்து அவரே பெருக்கினார். அவசரத்தில் ஒரு சைபர் விட்டுப்போய் இருநூறு ஆனது.

விடை, அறுபத்திரண்டரை மில்லி.

சிரிஞ்சு ஐந்து மில்லிதான் பிடிக்கும். அப்படியானால் பன்னிரண்டரை சிரிஞ்சு. கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் வழியில் எங்குமே புள்ளி தடுக்கவில்லையே.

ஆறாவது சிரிஞ்சில் மனைவி கண்ணைத் திறந்தாள். "இன்னும் இருக்காங்க?"

"பாதிதான் ஆச்சு."

அவள் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தாள்.

அவள் தூங்கிய பிறகுதான் அந்தச் சைபர் இல்லாதது அவர் கண்ணில் பட்டது. உலுக்கி எழுப்பினார். "உம்" என்றதோடு சரி. நர்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அவள் வந்து சேரும்வரை மனைவியின் மூச்சை எண்ணிக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தாள். முக்கால்வாசி காலியான புட்டியைப் பார்த்தாள். "நானே கொன்னுட்டேன்மா" என்று அவர் கைகூப்பினார்.

அவள் அவரைக் கூடத்துக்கு அழைத்துவந்து உட்காரவைத்தாள்.

"அது வெறும் சர்க்கரைத் தண்ணிங்க ஐயா, வலிக்குத் தோள்ல ஒட்டியிருக்கிற மருந்துப் பட்டையே போதும். சமையலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு நீங்க அழுறது அம்மாவுக்குக் கேக்குதாம். கணக்குப் போடுற நேரமாவது அழாம இருக்கட்டும்னு, அவங்கதான் தினம் ஒண்ணு எழுதித் தரச் சொன்னாங்க."