உடையும் பொருள், கவனம்

பூனைக்குட்டியின் பின்பாதி பெட்டிக்குள் போய்விட்டது. முன்பாதிதான் ஒத்துழைக்க மறுத்தது. முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு அது பேக்கிங்காரரைப் பார்த்த பார்வையில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

"உள்ள போயிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

குட்டி நம்பவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அவருக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் முப்பது வருஷம் பேக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஆளுயரக் கண்ணாடியை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, ஒரு கீறல் விழாமல் வேறு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பேக்கிங்காரர் என்றால் தெருவே கை காட்டும். அப்பேர்ப்பட்டவர் காலையிலிருந்து மெனக்கெட்டுச் செய்த பெட்டி இது. உள்ளே சுற்றிலும் பபிள் ஷீட், மூடியில் அளவெடுத்துப் போட்ட காற்றுத் துளைகள், நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் 'உடையும் பொருள், கவனம்', 'இந்தப் பக்கம் மேலே'. பெட்டியில் யாரும் குறை சொல்ல முடியாது. குட்டிக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

போன் அடித்தது. மகள்.

"என்னப்பா, கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிக்கிட்டேதான் இருக்கோம்."

"முதல் தடவையா டாக்டர்கிட்ட காட்டப் போறோம். லேட் பண்ணிடாதீங்க."

"ஏம்மா, அந்த டாக்டர் வீட்டுக்கு வரமாட்டாரா? வேணும்னா எங்க கம்பெனிப் பசங்கள அவரைப் பத்திரமா பேக் பண்ணிக் கொண்டு வரச் சொல்றேன்."

"வரமாட்டாருப்பா."

"மேல்வீட்டு டீச்சர்கிட்ட குடுத்து அனுப்பினா?"

"அப்பா! அது உங்க குட்டி. நீங்கதான் போகணும். இந்த வயசுல ஊசி போடலன்னா குட்டிங்க தாங்காதுப்பா."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் கை தானாகக் குட்டியின் தலையைத் தடவியது. குட்டி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்து, துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏறிய வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தியவர், வண்டி மறைந்த கையோடு அதற்குத் தனிக் கிண்ணம் எடுத்து வைத்தார்.

அவருக்குப் பயம் ஊசியைக் கண்டு அல்ல. கடைசியாக இந்த வாசலிலிருந்து அவர் டாக்டரிடம் கூட்டிப்போனது மனைவியை. காய்ச்சல் என்றுதான் போனார்கள். பூட்டுச் சாவியைக்கூட அவளேதான் கையில் வைத்திருந்தாள். திரும்பி வரும்போது அவளுடைய செருப்பு மட்டும் ஒரு பையில் வந்தது. அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தியவர்தான், பிறகு அதைத் தாண்டவில்லை. மளிகையும் மாத்திரையும் கதவைத் தேடி வந்தன. இப்போது இதையும் கொண்டுபோய் வெறும் பெட்டியோடு திரும்பினால்? போகாமல் இருந்துவிட்டு, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பழகின வாசனை இருக்கிற துணி எதையாவது உள்ள போடுங்கப்பா. தானா போயிடும்" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

பழகின வாசனை என்றால் தன் வாசனைதானே என்று போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் விரித்தார். அந்தச் சட்டை எப்போது தண்ணீரைப் பார்த்தது என்று அவருக்கே தெரியாது. குட்டி ஒரு தடவை மோந்து பார்த்தது. அடுத்த நொடி முன்பாதி, பின்பாதி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பாய்ச்சலில் படுக்கையறைக்குள் ஓடி, தாழ்ப்பாள் கெட்டுச் சற்றே திறந்திருந்த அலமாரிக்குள் புகுந்துகொண்டது.

அது மனைவியின் அலமாரி.

ஊரார் வீட்டுச் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டிய கை அதை மட்டும் இன்னும் தொடவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம் "டேப் தீர்ந்துபோச்சும்மா" என்பார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய டேப் இருந்தது.

"வெளிய வா" என்று கூப்பிட்டார். கெஞ்சினார். "இது உன் இடமில்ல" என்று அதட்டினார். உள்ளே ஹேங்கர்கள் மட்டும் லேசாக ஆடின.

வேறு வழியில்லை. ஒவ்வொரு துணியாக எடுக்கத் தொடங்கினார். கை தொழிலை மறக்கவில்லை. எடுத்தது எடுத்தபடி மடித்து, கட்டிலில் அடுக்கிக்கொண்டே போனது. அவள் வெளியூர் போகும்போது மட்டும் உடுத்துவது, பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷம் உடுத்தியது, அவர் வாங்கித் தந்து ஒருமுறைகூட உடுத்தாதது. கடைசியாகப் பச்சை ஸ்வெட்டரை இழுத்தபோது அதன் கையில் நகத்தை மாட்டிக்கொண்டு குட்டியும் தொங்கியபடி வந்தது. ஸ்வெட்டரில் இன்னும் அவள் வாசனை இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத வீட்டில், வாய்விட்டு அழுதார். அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. குட்டி அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஸ்வெட்டரில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஸ்வெட்டரோடு தூக்கிப் பெட்டியில் வைத்தார். சத்தமே இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் டேப் ஒட்டாமல் ஒரு பெட்டியை வாசல் தாண்ட விடுவதாவது! டேப்பை நீளமாக இழுத்து, தொழில் வழக்கப்படி ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெட்டி மேல் குனிந்தார். 'கிர்ர்ர்' என்ற அந்தச் சத்தத்துக்குக் குட்டி துள்ளி எழுந்தது. டேப்பின் ஒரு முனை குட்டியின் வாலில் ஒட்டியது. மறுமுனை, மாதக்கணக்கில் கத்தி படாத அவருடைய தாடியில் ஒட்டியது.

குட்டி ஓடியது. அவரும் கூடவே ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி வெகுகாலம் இருக்கும்.

சமையலறை மூலையில் இருவரும் மூச்சு வாங்க நின்றபோது கையில் கத்தரிக்கோல் கிடைத்தது. எந்தப் பக்கம் வெட்டுவது? சரக்குக்குச் சேதாரம் வரக்கூடாது என்பது கம்பெனி விதி. தாடியை வெட்டினார். பிறகு தாம்பூலம் மடிக்கும் பொறுமையோடு எண்ணெய் தொட்டு வாலிலிருந்து டேப்பை விடுவித்தார். நன்றிக் கடனாகக் குட்டி அவர் மேலேயே ஈரம் பண்ணியது.

கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பொட்டல். இந்தக் கோலத்தில் போனால் டாக்டர் யாருக்கு ஊசி போடுவது என்று குழம்பிவிடுவார். முழுவதும் மழித்தார். குளித்தார். இஸ்திரி போட்ட சட்டை ஒன்று மிச்சமிருந்தது. அவள் போட்டு வைத்த இஸ்திரி. கலைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

வந்து பார்த்தால் பெட்டி இல்லை. அதாவது, பெட்டியாக இல்லை. துரத்தலின்போது யாரோ அதன் மேல் விழுந்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவர் அரைக் கிலோகூட இல்லை.

மூடி போட்ட கூடை ஒன்று மேல்வீட்டு டீச்சரிடம் உண்டு. துக்கம் விசாரிக்க வந்த நாளில் கதவைத் திறக்காமலே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? மழித்த முகத்தோடுதான். குட்டியை ஸ்வெட்டரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறினார்.

"சார்! நீங்களா?" டீச்சர் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க, உக்காருங்க. காபி போடறேன்."

"இல்லீங்க டீச்சர், கூடைதான்... அன்னிக்கு நீங்க வந்தப்ப நான்..."

"அதை விடுங்க சார். குட்டி எவ்வளவு அழகா இருக்கு! கூடையை நீங்களே வெச்சுக்கோங்க."

காபி குடிக்காமல் டீச்சர் விடவில்லை. கண் கலங்கியதைக் காபியின் ஆவி மேல் பழிபோட்டு ஒருவழியாகக் குடித்து முடித்தார்.

கூடையோடு கீழே இறங்கித் தெருவாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கூடைக்குள்ளிருந்து "மியாவ்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"சரி, சரி. போறேன்" என்று சொல்லித் தெருவில் இறங்கினார். வெயிலில் கண் கூசியது. மூலைக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக் கையாட்டினார். பதிலுக்குக் கையாட்டினால் கூடை ஆடும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பூனை டாக்டரின் இடத்திலும் அதே மருந்து வாசனை அடித்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் கதவைப் பார்த்தார். கூடை மூடியின் இடுக்கு வழியாக ஒரு குட்டிப் பாதம் நீண்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் கவுன்ட்டர் பெண்ணிடம் போய் மகளின் பெயரைச் சொன்னார்.

"முதல் தடவையா வர்றோம்மா. ஊசி போடணுமாம்." கூடையைக் கவுன்ட்டரில் வைத்தார், கைப்பிடியை விடவில்லை. "எவ்வளவு நேரம்னாலும் இங்கயே நிக்கிறேன். ஆனா போகும்போது இதைக் கையோட கூட்டிட்டுப் போகணும்மா. அது மட்டும் எனக்கு உறுதியாச் சொல்லு."

அந்தப் பெண் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிடாமல் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ மேடம், போன ஞாயித்துக்கிழமை நீங்களே கூட்டிட்டு வந்து எல்லா ஊசியும் போட்டுட்டுப் போனீங்களே, அந்தக் குட்டிதான்... ஆமா மேடம், அப்பா வீட்டை விட்டு இங்க வந்து சேர்ந்தா உடனே போன் பண்ணச் சொன்னீங்கல்ல, வந்துட்டாரு, என் முன்னாடிதான் நிக்கிறாரு, நல்லா இருக்காரு மேடம்... அழாதீங்க."