பிளேன் நானா தொலைத்த வெள்ளிக்கிழமை

பசிபிக் சமுத்திரத்தில் எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை பிளேன் போகும் என்று எங்கள் கண்டக்குழிக் கரையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். பிளேனில் ஏறிய ஆளா என்று கேட்காதீர்கள். தலைக்கு மேலே போகும் பிளேனின் வயிற்றை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

யுத்தம் முடிந்து, இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் எங்கள் கரைக்கு வரத் தொடங்கிய காலம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிலாபத்தில் இறால் பண்ணை, பாலாவியில் உப்பளம், மாம்புரியில் வெங்காயத் தோட்டம் என்று எங்கும் கால் தரிக்காமல், கடைசியில் கண்டக்குழி லொட்ஜ் ஒன்றின் குசினியில் சமையல் எடுபிடியாக வந்து நின்றேன். சம்பளம் கொஞ்சம். சாப்பாடு உண்டு. அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் படுக்க இடமும் உண்டு.

முதல் நாள் சம்பலுக்கு வெங்காயம் எடுக்க மேசையில் கை வைத்தேன்.

"டேய், தொடாத! அது பிஜி!"

ஜெனரேட்டர் எண்ணெய்க் கையோடு ஒரு மனிதர் பாய்ந்து வந்தார். மேசை முழுக்கச் சமுத்திரம். பெரிய வெங்காயம் பெரிய எயார்போட். சின்ன வெங்காயம் சின்ன எயார்போட். அங்கங்கே கிடந்த கூனி இறால்கள் பிளேன் இறங்க இடமில்லாத தீவுகள்.

"அப்ப சம்பலுக்கு என்ன செய்யிற, நானா?"

அவர் யோசித்தார். "அந்த மூலையில கிடக்கிறத எடு. அங்க ஒருத்தரும் போறதில்ல."

இவர்தான் பிளேன் நானா; நானா என்றால் எங்கள் கரையில் அண்ணன். லொட்ஜில் இவருக்கு வேலை ஜெனரேட்டரைப் பார்ப்பது. அதற்கு முன்னால் கற்பிட்டியிலிருந்து பத்தலங்குண்டுவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் ஆளும் அரிசியும் ஏற்றி போட் ஓட்டியவர். அதற்கும் முன்னால், யுத்தத்தில் மற்ற முஸ்லிம் ஆட்களோடு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, மன்னார்ப் பக்கமிருந்து ஒரு போட்டில் பெண்சாதியோடும் ஒரு பையோடும் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். கரைத்தீவில் ஓலைக் கொட்டில் போட்டார். திரும்பிப் போகிற போட் எப்போது என்று அன்றைக்கு அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனாலேயோ என்னவோ, எந்தப் பயணத்தையும் நானா திரும்பி வருவதிலிருந்துதான் திட்டம் போடத் தொடங்குவார்.

தங்க வரும் வெள்ளைக்காரர் யாராவது, அடுத்த லீவுக்குப் பசிபிக் தீவுகளைப் பார்க்கப் போவதாக வாய் தவறிச் சொன்னால் போதும். நானா அவரைக் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்து வந்துவிடுவார்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் போட்டில் படித்தவை. ஒன்று, வெள்ளிக்கிழமை பயணமில்லை. எங்கள் கரையில் முஸ்லிம் ஆட்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஜும்மாத் தொழுகை நாளில் போட்டும் வலையும் மணலில் கிடக்கும். பிளேனுக்கும் அதேதான் என்று நானா முடிவு கட்டியிருந்தார். மற்றது, ஓட்டுகிறவனுடைய வீடு எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஏறக்கூடாது.

"காத்து அடிக்கும், மழை பெய்யும், இஞ்சின் நிக்கும், போட் வராது. எண்டாலும் போட்காரன்ட வீடு இருக்கிற பக்கத்துக்கு எப்பிடியும் ஒரு போட் போகும். விளங்கிச்சா?"

லொட்ஜில் பட்டச் சறுக்கல் பழக்கிக் கொடுத்தவள் ஆனா என்ற வெள்ளைக்காரப் பெண். ஒரு காற்றுக் காலம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பசிபிக் தீவுகளைச் சுற்றிவர ஆசைப்பட்டாள். நானா வெங்காயங்களை உருட்டி உருட்டித் திட்டம் போட்டார். திரும்பும் வழியில், வியாழன் இரவு ஒரு தீவில் பிளேன் ஏறி, விடியும்போது மேற்கே இன்னொரு சின்னத் தீவில் இறங்க வேண்டும். வெள்ளி ஓய்வு. சனி காலையில், வாரத்துக்கு ஒருமுறை புறப்படும் பிளேனில் ஏறினால் வீடு.

டிக்கட்டில் இறங்கும் நாள் சனி என்று இருந்தது.

"அச்சுப் பிழை, மிஸ்," என்று நானா பேனாவால் வெட்டி வெள்ளி என்று எழுதினார். ஆனாவும் நம்பினாள். அந்த முகத்தை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

அந்தச் சமுத்திரத்தின் நடுவில் நாள் மாறுகிற கோடு ஒன்று இருக்கிறதாம். கிழக்கிலிருந்து மேற்கே அதைக் கடந்தால் ஒரு நாள் காணாமல் போகும். ஆனா இறங்கியபோது சனிக்கிழமை விடிந்திருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வர, வாரத்துப் பிளேன் மேலே போய்க்கொண்டிருந்தது.

செய்தி வந்ததும் முதலாளி குசினி வாசலில் வந்து நின்றார். அடுத்த வியாழக்கிழமை பழக வரும் கூட்டம் ஏற்கெனவே புக் பண்ணியிருந்தது.

"நானா, வியாழனுக்கு ஆனா இங்க இல்லையெண்டா, நீங்களும் இல்ல."

நானா நேரே பள்ளிவாசலுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஹஸ்ரத், ஒரு வெள்ளிக்கிழமை காணாமப் போயிட்டுது."

தொழுகை நடத்தும் ஹஸ்ரத் நிமிர்ந்து பார்த்தார். "யாருட?"

"எங்கட ஆனா மிஸ்ட."

"அவக்கு ஜும்மா கடமையில்லையே."

"ஜும்மா கிடக்கட்டும் ஹஸ்ரத், பிளேன் போயிட்டே!"

அன்றைக்கு நானா சோறு தின்னவில்லை. வேலை போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏத்தி விட்டனான், இறக்க முடியல்லையே தம்பி. வழி தெரியாத தீவுல நிக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முதலாளியின் போனைப் பறித்து, அந்தத் தீவில் டிக்கட் கொடுக்கும் பிளேன் கந்தோருக்குக் கோல் எடுத்தார். மறுபக்கம் ஒரு பெண். அடுத்த பிளேன் சனிக்கிழமைதான் என்றாள்.

"மேடம், பைலட் ஹவுஸ், விச் சைட்?"

மூன்று தரம் கேட்ட பிறகு அவள் சிரித்தாள். சனிக்கிழமை பிளேனைக் கொண்டுபோன பைலட்டின் வீடு அந்தத் தீவிலேயே, அவள் கந்தோருக்குப் பின்னால்தான். பெண்சாதிக்கு இப்போதுதான் பிள்ளை பிறந்திருக்கிறது.

நானா போனை வைத்தார். "முடிஞ்சுது! சனி வரைக்கும் அவன் பொறுக்க மாட்டான். மிஸ்ஸ வேற எங்கயும் போக வேணாமெண்டு சொல்லு. அவன்ட வீட்டு வாசல்ல இருக்கச் சொல்லு."

ஆனா போய் இருந்தாள். பைலட்டின் பெண்சாதி அவளை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடும் கொடுத்து, பிள்ளையையும் கையில் கொடுத்தாளாம். செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிச் சாமான் ஏற்றுவதென்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு பைலட் வந்து இறங்கினான். பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆனாவையும் ஏற்றிக்கொண்டு போனான். வியாழன் பின்னேரம் அவள் லொட்ஜ் வாசலில் வேனிலிருந்து இறங்கினாள். நானா அவளைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைக்க வேண்டாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

முதலாளி நானாவை விட்டுவிட்டார். வெங்காயத்தைத்தான் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. ஒரு காலை பையைத் தூக்கினேன். நானா பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார்.

"எங்க போறாய்?"

"தெரியாது நானா."

"சரி. உன்ட வீடு எந்தப் பக்கம்?"

கையை எந்தப் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல் பையைத் தோள் மாற்றினேன். பஸ் வந்து நின்றது. நானா சுற்றிவரப் பார்த்துவிட்டு, மணலைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப இந்தப் பக்கமெண்டு வை."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பஸ். ஏறுமுன் டிரைவரிடம் இன்றைக்கும் கேட்கிறேன், அண்ணன், உங்கட வீடு எந்தப் பக்கமென்று. சிலர் முறைப்பார்கள். சிலர் சொல்லிவிட்டு என்னுடையதைத் திருப்பிக் கேட்பார்கள்.

கண்டக்குழி என்று சொல்லிவிடுகிறேன்.